ஹெல்மெட்டோடு நிலாவரை பார்த்த கதை

1

கோப்பாயிலே பிறந்து, கோப்பாயிலே வளர்ந்து, மீசையும் கோப்பாயிலேயே முளைத்தவன் நான். எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் வெளிக்கிட்டால் சட்டை நனைவதற்குள் போய்ச் சேரக்கூடிய நிலாவரைக் கிணற்றை நான் முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு நாற்பத்தேழு வயது. தலையில் மஞ்சள் நிற ஹெல்மெட். கையில் நோர்வேயில் காசு கொடுத்து வாங்கிய சுற்றுலா வழிகாட்டிப் புத்தகம். அந்தத் தடித்த புத்தகத்தில் யாழ்ப்பாணத்துக்கு ஒதுக்கியிருந்தது ஒன்றரைப் பக்கம். அதிலும் பாதி, 'அங்கே போகவேண்டாம்' என்கிற ஆலோசனை.

இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கண்டியில் வேலை பார்த்த காலத்தில் சிகிரியாவில் இரண்டு தரம் ஏறினவன் நான். பாரிஸ் கோபுரத்தைப் பார்க்க மழையில் வரிசையில் நின்றிருக்கிறேன். ஒஸ்லோவில் ஆயிரம் வருடப் பழைய கப்பலொன்றை, அதுவும் ஓட்டைக் கப்பலை, டிக்கெட் எடுத்துப் பார்த்து 'ஆகா' என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் நல்லூர்க் கோயிலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் ஐஸ்கிறீம் கடை என்றுதான் பதில் சொல்லியிருப்பேன். உங்களில் பலரும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். எங்கடை ஆக்கள் தூரத்தில் இருந்தால்தான் எதையும் பார்க்கப் போவார்கள்.

போன கிழமை இங்கே நோர்வேயில், பாலத்தடியில் ஒரு பொலிஸ்காரர் என் சைக்கிளை மறித்தார். மிகவும் மரியாதையான மனிதர்.

"உங்கள் ஹெல்மெட் எங்கே?" என்று கேட்டார்.

"யாழ்ப்பாணத்தில், ஒரு வீட்டில் இருக்கிறது" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்து யோசித்தார். பிறகு, "அது தூரம்போல் தெரிகிறது. இங்கே ஒன்று வாங்கினால் நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனபிறகும் நான் பாலத்தில் நின்றுகொண்டிருந்தேன். இந்தக் கதையை எழுதவேண்டுமென்று அப்போதுதான் தோன்றியது.

2

நோர்வேயின் வடக்கில், மீன் மணக்கும் ஒரு கரையோர ஊரில் பத்து வருடமாக இருக்கிறோம். நான் மீன் ஆலையில் வேலை. மனைவி கௌரி முதியோர் இல்லத்தில் வேலை. ஒரே மகன் கண்ணனுக்குப் பன்னிரண்டு வயது. அவன் யாழ்ப்பாணத்தை 'அப்பாவின்ரை ஊர்' என்பான். 'எங்கடை ஊர் எண்டு சொல்லடா' என்று திருத்தினால், 'ஓம், உங்கடை ஊர்' என்பான்.

கௌரிக்கு ஒரு தங்கை. பெயர் பவானி. தாய் தகப்பன் போனபிறகு உரும்பிராய் வீட்டில் தனியாக இருக்கிறாள். பெண்கள் பள்ளிக்கூடமொன்றில் பௌதிகம் படிப்பிக்கிற ரீச்சர். ஒவ்வொரு முறை ஊரில் குண்டு விழுந்த செய்தி வரும்போதும் கௌரி சாப்பிடாமல் இருப்பாள். பிறகு நானும் சாப்பிடாமல் இருக்கவேண்டும். அதனால் தங்கையை இங்கே எடுக்க அவள் பட்ட பாட்டை நான் அறிவேன். வெளிநாட்டார் அலுவலகத்தில் சகோதரி என்பவர் குடும்பம் இல்லை. மனைவி குடும்பம், பிள்ளை குடும்பம், கூடப்பிறந்தவள் குடும்பம் இல்லை. 'அப்ப ஆர்?' என்று கௌரி கேட்டதற்கு அந்த அம்மணி கனிவோடு, 'உறவினர்' என்றாள். கடைசியில் பக்கத்து ஊர்க் கல்லூரியொன்றில் ஒரு வருடம் மொழி படிக்க இடம் கிடைத்தது. வந்து சேர்ந்தால் பிறகு பார்க்கலாம் என்பது எங்கள் திட்டம். பங்குனி முடிவதற்குள் வரவேண்டும் என்பது அவர்களுடைய நிபந்தனை.

பவானியோ வாறன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டன் என்றும் சொல்லவில்லை. 'யோசிக்கிறன் அக்கா' என்றே ஒரு வருடம் ஓட்டினாள்.

இந்த வருடத் தொடக்கத்தில் சண்டை நின்றது. பாதை திறந்தது என்று சொல்லமுடியாது, ஒரு ஆள் நுழையிற அளவுக்கு நீக்கல் விட்டது. கௌரி என்னைக் கூப்பிட்டாள்.

"இஞ்சருங்கோ. நீங்கள் போய் அவளைக் கையோடை கூட்டிக்கொண்டு வாங்கோ. நான் போனால் ரெண்டு பேரும் அழுதுபோட்டு இருந்திடுவம். உங்களுக்குத்தான் கதைக்கத் தெரியுமே, கதைச்சு மடக்கிக்கொண்டு வாங்கோ."

பதினைந்து வருட மணவாழ்க்கையில் என் பேச்சுத் திறமையை அவள் மெச்சிய ஒரே சந்தர்ப்பம் அது. அதை இப்படி ஆக்குவேன் என்று நான் நினைக்கவில்லை.

ஊருக்குள் சைக்கிள்தான் வாகனம் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதனால் ஹெல்மெட்டையும் பெட்டிக்குள் வைத்தேன். இங்கே பழகின பழக்கம்.

லீவின் பெரும்பகுதியைக் கொழும்பு தின்றது. பயண அனுமதிக்கு ஒரு கந்தோரில் இன்னொரு கந்தோரின் கடிதம் கேட்டார்கள். அந்தக் கந்தோரில், கடிதம் தரலாம், ஆனால் கையெழுத்து வைக்கிறவர் கலியாண வீட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள். அவருடைய சொந்தக் கலியாணம் போலிருக்கிறது. ஒரு கிழமையாகத் திரும்பி வரவில்லை. எல்லாம் சரிவந்து, வவுனியா தாண்டி, கிளாலியில் வள்ளமேறி நான் உரும்பிராய்க்குப் போய்ச் சேர்ந்தபோது வெள்ளிக்கிழமை பின்னேரம். திங்கள் விடியத் திரும்ப வெளிக்கிடவேண்டும். கையில் இருந்தது ஒரு சனியும் ஒரு ஞாயிறும்.

3

பவானி என்னைக் கண்டதும் முதலில் பார்த்தது என் தலையைத்தான். பெட்டிக்குள் நசிந்துவிடும் என்று வழியில் வெளியே எடுத்த ஹெல்மெட்டைத் தலையிலேயே போட்டுக்கொண்டு வந்திருந்தேன்.

"அத்தான், உது குண்டுக்கோ?"

"இல்லை, சைக்கிளுக்கு."

"சைக்கிளாலை விழுந்து சாகிற அளவுக்கு இஞ்சை ஒருத்தருக்கும் வசதியில்லை" என்றாள்.

வீட்டின் முன்னறையில் சின்னராசா அண்ணை குடும்பம் இருந்தது. கீரிமலைப் பக்கத்து மனிதர். அந்தப் பக்கம் ஆமிக்காரரிடம் போனபிறகு ஊர் ஊராக இடம்பெயர்ந்து, கடைசியில் பவானியின் முன்னறைக்கு வந்தவர். நான் அவரோடு கதைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் நோர்வே வடக்கில் 'ஓம்' என்பதை மூச்சை உள்ளே இழுத்துச் சொல்லுவார்கள். பத்து வருடத்தில் அது எனக்கும் தொற்றிவிட்டது. அவர் சொன்னதற்கெல்லாம் நான் மூச்சை உள்ளிழுத்து உள்ளிழுத்து ஆமோதித்துக்கொண்டிருந்தேன். அவர் கொஞ்ச நேரம் கவலையோடு பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, "பிள்ளை, தம்பிக்கு மூச்சு முட்டுற வருத்தமெல்லே! கொஞ்சம் தூதுவளை அவிச்சுக் குடு" என்றார். கசாயம் வந்தது. குடித்தேன். விளக்கம் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது.

அன்று மாலை முதல் அதிசயத்தைப் பார்த்தேன். ஊரில் அஞ்சு வருசமாகக் கரண்ட் இல்லை. பற்றறியும் இல்லை. சின்னராசா அண்ணை சைக்கிளை முற்றத்தில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தார். டைனமோவிலிருந்து ஒரு வயர் ரேடியோவுக்குப் போனது. அவர் பெடலைக் கையால் சுற்ற, செய்தி வாசிக்கிறவர் உயிர்பெற்று எழுந்தார். சுற்றுவது தளர்ந்தால் செய்தியும் தளர்ந்தது. பிடிக்காத செய்தி வந்தால் அண்ணை சுற்றுவதை நிற்பாட்டிவிடுவார்.

"உவன் பொய் சொல்லுறான். உதுக்கு நான் ஏன் கை நோவான்?"

உலகத்தில் எத்தனையோ பத்திரிகைச் சுதந்திரங்களைப் பற்றி வாசித்திருக்கிறேன். இப்படி ஒன்றைக் கண்டதில்லை. நான் வாயைப் பிளந்தபடி நின்றேன். அந்த வாயை அடுத்த இரண்டு நாளும் நான் மூடவேயில்லை. வந்த வினை அதுதான்.

4

"நாளைக்கும் நாளையிண்டைக்கும் உங்களுக்கு ஊர் காட்டுறன்" என்றாள் பவானி. "போக முதல் என்ரை முடிவைச் சொல்லுறன். அதுவரைக்கும் கேக்கக்கூடாது."

கேட்கவில்லை. ஆனால் வழியெல்லாம் எப்படி மடக்கலாம் என்று மனதுக்குள் வசனம் சேர்த்துக்கொண்டே மிதித்தேன்.

சனிக்கிழமை நல்லூர். ஒழுங்கை ஒன்றில் இறங்கினோம். என் கையில் புத்தகம். அதைப் பார்த்து நான் வழி சொல்ல, அவள் அதற்கு எதிர்ப்பக்கம் திரும்பினாள். நிழலான ஒரு வளவுக்குப் பின்னால் யமுனா ஏரி கிடந்தது. 'ப' என்ற எழுத்தை யாரோ நிலத்தில் வெட்டித் தண்ணீர் விட்டதுபோல. பொளிந்த கல்லில் படி படியாக இறக்கம். யமுனை நதியிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் காவிவந்து ஒரு அரசன் இதில் ஊற்றினானாம். வடக்கே எங்கேயோ இருக்கிற ஆற்றிலிருந்து, அடியிலேயே நன்னீர் ஊறுகிற ஊருக்குத் தண்ணீர் காவியிருக்கிறார்கள்! வெளிநாட்டுச் சாமான் மோகம் எங்களுக்கு இன்று நேற்று வந்ததில்லை என்று பவானிக்குச் சொன்னேன். சிரித்தாள். நான் படியில் இறங்கிக் கல்லைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. நானூறு, ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் ஒருத்தன் இந்த மூலையைச் சரிபார்த்துப் பொளிந்திருக்கிறான். நான் பள்ளிக்கூடம் போன ஆயிரம் நாளும் அது இங்கேயே, என்னைக் கூப்பிடாமல் இருந்திருக்கிறது.

மந்திரிமனையில் மரச் செதுக்கலைப் பார்த்துக் கழுத்து நோக நின்றேன். அரண்மனை வாசலாக இருந்த சங்கிலியன் தோப்பு வளைவின் கீழே நின்றபோது ஒரு மனிதர் சைக்கிள் கரியரில் அலுமாரி ஒன்றைக் கட்டிக்கொண்டு, அதற்கு மேலே மனைவியின் தையல் மெசினையும் வைத்து, மணியடித்தபடி போனார். வளைவு பெரிதா, அலுமாரி பெரிதா என்று எனக்கு மயக்கம். பிறகு பட்டினம். எரிந்த நூலகத்துக்கு முன்னால் நான் புத்தகத்தை மடித்து வைத்தேன். கோட்டையை அகழிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். உடைந்துபோய்க் கிடந்தது. உடைந்த பிறகும் அது குனியவில்லை. ஒல்லாந்தன் கட்டின மதிலின் பிளவில் ஒரு ஆலங்கன்று முளைத்திருந்தது.

"இப்பிடி ஒரு பட்டினத்தை வைச்சுக்கொண்டு நான் போய் ஓட்டைக் கப்பல் பாத்திருக்கிறன்" என்றேன்.

"அங்கை கப்பல் நல்லா இருக்குமே அத்தான்?"

"என்ன கப்பல்! கண்ணாடிக்கு அங்காலை வைச்சிருக்கிறான், தொடேலாது. அந்த நாட்டிலை எதைத்தான் தொடலாம்? மாரியிலை ரெண்டு மாதம் சூரியனே வராது. மத்தியானம் சாப்பிடுறது விடியச் சாப்பிடுற மாதிரி இருக்கும். கோடையிலை அது போகாது, நித்திரை வராது. குப்பையைக் கூட ஏழு சாதியாப் பிரிச்சுத்தான் போடவேணும்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் உற்சாகமாகி, அவித்த உருளைக்கிழங்கைப் பற்றியும் வரி கட்டுவதைப் பற்றியும் சொன்னேன். மகன் என்னோடு சண்டை போடும்போது, எனக்கு விளங்கக்கூடாதென்று வேகமாக நோர்வே பாஷை பேசுவதையும் நடித்துக் காட்டினேன். ஆளை மடக்க வந்தவன் நான் என்பதை அன்று பின்னேரம் வரை நான் மறந்தே போனேன்.

5

ஞாயிறு காலை வெளிக்கிடும்போது சின்னராசா அண்ணை ஒரு எலுமிச்சம்பழத்தோடு வந்தார். நிலாவரையில் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்பது உங்களுக்கும் தெரிந்த கதைதான். நிலத்துக்கு அடியால் வழி இருக்கிறதாம்.

"தம்பி, இதை ஒருக்கால் போட்டுவிடுங்கோ. எங்களைத்தான் விடுறாங்களில்லை. இதாவது ஊருக்குப் போகட்டும்."

முதலில் உடுவில் கடந்து கந்தரோடைக்குப் போனோம். பனைகளுக்கு நடுவே, வேலி ஒன்றைத் தாண்டியதும் திடீரென்று அவை தெரிந்தன. சுண்ணாம்புக் கல்லில் கட்டிய பழைய பௌத்த தூபிகள், சின்னச் சின்னக் கவிழ்த்த கிண்ணங்கள்போல. சில இடுப்பளவு, சில ஆளுயரம். நெருக்கமாக, ஏதோ கூட்டத்துக்கு வந்து இருந்துவிட்டு எழும்ப மறந்தவர்கள்போல. நான் ஹெல்மெட்டைக் கழற்றினேன். ஏன் என்று தெரியாது. கோயிலில் சட்டை கழற்றுகிற கைப்பழக்கமாக இருக்கலாம். ஆயிரம் வருடத்துக்கு மேலாக இருக்கிறார்கள். எத்தனை ராசா, எத்தனை கொடி, எத்தனை சப்பாத்து அவர்களுக்கு முன்னால் போயிருக்கும்! நான் புல்லில் குந்திவிட்டேன்.

"பவானி, இதை விட்டிட்டுப் போனவன் விசரன்" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

மத்தியானம் கடந்து நிலாவரை. சதுரமான பெரிய வாய். கீழே கரும்பச்சைத் தண்ணீர், அசைவே இல்லை. பார்க்கப் பார்க்க அது மேலே வருவதுபோலவும், நான் உள்ளே போவதுபோலவும் இருந்தது. எட்டிப் பார்த்தபோது தண்ணீரில் ஒரு மஞ்சள் ஹெல்மெட் என்னை நிமிர்ந்து பார்த்தது. இறைத்து இறைத்து எத்தனை தோட்டம் விளைந்தும் வற்றாத கிணறு என்பார்கள்.

"மேலை நல்ல தண்ணி. ஆழத்திலை போகப் போக உப்பு. கடலுக்கு மேலை நல்ல தண்ணி மிதந்துகொண்டு நிக்குது அத்தான். எங்கடை குடாநாடே அப்பிடித்தான் நிக்குது" என்றாள். ரீச்சர் குரல்.

நான் எலுமிச்சம்பழத்தைப் போட்டேன். 'புளுக்' என்றது. வட்டங்கள் விரிந்து சுவரில் பட்டுத் திரும்பின. பழம் மேலே வந்து மிதந்தது. நாங்கள் காத்திருந்தோம். அது மெல்ல ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு எங்களுக்கு நேரே வந்து நின்றது.

"தாழுதில்லையே" என்றேன்.

"அடர்த்தி குறைவு. தாழாது." குனிந்து பழத்தைப் பார்த்தாள். "அதுக்கும் போக மனமில்லைப் போலை."

வீட்டில் சின்னராசா அண்ணை படலையடியில் நின்றார்.

"போட்டதோ?"

"ஓம் அண்ணை, வெளிக்கிட்டிட்டுது" என்றாள் பவானி. "எப்ப போய்ச் சேருமெண்டுதான் தெரியாது."

"சேரும், சேரும். தண்ணிக்கு அவசரமில்லை" என்றார் அவர் திருப்தியோடு.

6

அன்று பின்னேரம் நான் சேர்த்து வைத்திருந்த வசனங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினேன். அக்கா சாப்பிடுவதில்லை. சண்டை திரும்ப வரும். கல்லூரி இடம் பங்குனியோடு போய்விடும். அவள் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, அறைக்குள் போய் ஒரு சூட்கேசை இழுத்துக்கொண்டு வந்து திறந்தாள். மடித்த சேலைகள், கம்பளிச் சட்டை, சான்றிதழ்கள். எல்லாம் கட்டியிருந்தது.

"அத்தான், நான் வாறதெண்டுதான் இருந்தனான். நீங்கள் வர முதலே கட்டி வைச்சிட்டன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"கடைசியா ஒருக்கால் எல்லாத்தையும் பாத்துப்போட்டுப் போவம் எண்டுதான் உங்களைச் சாட்டா வைச்சு வெளிக்கிட்டனான். நானும் யமுனா ஏரியை நேற்றுத்தான் முதல்முதல் கண்டது."

"அப்ப என்ன? வெளிக்கிடுமன்!"

"நீங்களெல்லே கெடுத்தது." அவள் சிரிக்கவில்லை. "ரெண்டு நாளும் நான் உங்களைத்தான் பாத்துக்கொண்டு வந்தனான். அங்கை பனிமலை, கப்பல் எல்லாம் கண்டவர், இஞ்சை ஒரு பாசிக் குளத்தைக் கண்டிட்டு வாயைப் பிளக்கிறார். அந்த நாட்டைப் பற்றிக் கேட்டால் குப்பையைப் பற்றிக் கதைக்கிறார். அக்கா வருசம் முழுக்கச் சொன்னதை ரெண்டு நாளிலை அழிச்சுப்போட்டியள்."

"அது பகிடிக்குச் சொன்னது, பவானி! நல்ல நாடு. மெய்யாத்தான். ஒருத்தரும் ஒருத்தரையும் அடிக்கமாட்டான்."

"வேறை?"

எனக்கு வியர்த்தது. பத்து வருடம் சோறு போட்ட நாடு. என் மகனைக் குண்டுச் சத்தம் கேளாமல் வளர்த்த நாடு. அதைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை தேடினேன். என் வாயில் வந்தது:

"குழாய்த் தண்ணியை அப்பிடியே குடிக்கலாம்."

"எங்கடை கிணத்துத் தண்ணியையும்தான்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உங்கடை பகிடியாலை மட்டும் இல்லை அத்தான். ஆவணியிலை என்ரை பிள்ளையளுக்குச் சோதனை. பௌதிகத்துக்கு வேறை ரீச்சர் இல்லை. அதை யோசிக்கக்கூடாதெண்டுதான் பெட்டியைக் கெதியாக் கட்டினனான். நீங்கள் அந்தக் கல்லுகளுக்கு முன்னாலை குந்தியிருந்து, இதை விட்டிட்டுப் போனவன் விசரன் எண்டு சொல்லேக்கை உங்கடை முகத்தைப் பாத்தன். பத்து வருசத்திலை எனக்கும் அப்பிடி ஒரு முகம் வரும். எனக்கு அது வேண்டாம்."

இரண்டு தரம் வாயைத் திறந்து, காற்றை மட்டும் உள்ளே இழுத்தேன். முன்னறையிலிருந்து சின்னராசா அண்ணை, "தம்பிக்குத் திரும்பவும் இழுக்குது பிள்ளை!" என்றார்.

திங்கள் விடியப் படலையில் வைத்து ஹெல்மெட்டை அவளிடம் கொடுத்தேன். "இதையாவது போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போம்" என்றேன். பெரிய ஏதோ ஒன்றைச் சொல்ல நினைத்து வந்த சொல் அதுதான். அவள் அதைத் தலையில் வைத்துப் பார்த்தாள். கண் நனைந்திருந்தது. சிரிப்பும் வந்தது. எது முந்தியது என்று எனக்குத் தெரியாது.

7

தனியாக வந்திறங்கின என்னைக் கண்டதும் கௌரி எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். நானாகத்தான் ஒன்றும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். ஏரியையும் சொன்னேன், குப்பையையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "தங்கச்சியைக் கூட்டிவர விட்டால், குளம் பாத்திட்டு வந்து நிக்கிறார்" என்று சுவருக்குச் சொன்னாள். நான் எடுத்துவந்த கந்தரோடைப் படத்தைக் கண்ணனுக்குக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "இவை ஆருக்காகக் காத்துக்கொண்டு இருக்கினம்?" என்று கேட்டான். தமிழில் கேட்டான். அந்தக் கிழமை எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அது.

சித்திரையில் சண்டை திரும்பத் தொடங்கியது. பாதை மூடியது. கடிதம் இல்லை, செய்தி இல்லை. வீட்டில் உலை கொதிக்கும், ஒருத்தரும் சாப்பிடமாட்டோம். ஆலையில் மீன் வெட்டும்போதெல்லாம் என் வாயையே நான் வெட்டிக்கொண்டிருப்பதாக நினைப்பேன். நான் அந்த இரண்டு நாளும் ஊமையாக இருந்திருந்தால் அவள் இப்போது அடுத்த ஊரில் உருளைக்கிழங்கு தின்றுகொண்டு என்னைத் திட்டிக்கொண்டிருப்பாள். அந்தத் திட்டுக்காக ஏங்கினேன்.

ஆவணிக் கடைசியில் ஒருநாள் தொலைபேசி அடித்தது. உரும்பிராயிலிருந்து எப்படியோ கொழும்புக்கு வந்து சேர்ந்த ஒருவர். பவானி ரீச்சர் சுகம் என்று சொல்லச் சொன்னாவாம். பிள்ளைகள் விளக்கு வைத்துப் படித்துச் சோதனை எழுதுகிறார்களாம். சின்னராசா அண்ணை இன்னும் ரேடியோவை இடையில் நிற்பாட்டிக்கொண்டுதான் இருக்கிறாராம். கௌரி ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு மறுகையால் ரிசீவரை என் காதுக்கும் அவள் காதுக்கும் நடுவே பிடித்தாள்.

"இன்னுமொண்டு சொல்லச் சொன்னவ" என்றார் அந்த மனிதர். "அத்தான் தந்த ஹெல்மெட் நல்லாப் பயன்படுதாம். அதுக்குள்ளைதான் கோழி அடை கிடக்குதாம்."

கௌரி ரிசீவரை வைத்துவிட்டு, சித்திரைக்குப் பிறகு முதல் தடவையாகச் சோற்றைப் போட்டுக்கொண்டு மேசையில் இருந்தாள். இரண்டு வாய் சாப்பிட்டபிறகு என் தலையை ஒருமுறை பார்த்தாள்.

"பாவம் ஹெல்மெட்" என்றாள். "இப்பதான் அதுக்குள்ளை உருப்படியா ஏதோ இருக்குது."